மேடவாக்கத்துக்கும் கீழ்ப்பாக்கத்துக்கும் நடுவில்

சென்னைக்கு இரண்டு மேடவாக்கம். ஒன்று நான் குடியிருக்கும் ஊர். வேளச்சேரிக்கும் தாம்பரத்துக்கும் நடுவில், கூட்டு ரோடும் மேம்பாலமும் தண்ணீர் லாரிகளும் மெட்ரோ தூண்களுமாக இருக்கும் புறநகர். இன்னொன்று ஒரு தெருப்பெயரில் மட்டும் இருக்கிறது. கீழ்ப்பாக்கத்தில் மேடவாக்கம் குளம் சாலை என்று ஒன்று உண்டு. 1794-இல் தொடங்கி, 1871 முதல் இப்போதைய வளாகத்தில் இயங்கிவரும் அரசு மனநல மருத்துவமனை அந்தச் சாலையில்தான் இருக்கிறது. நாங்கள் இங்கே வீடு வாங்கிய செய்தியைச் சொன்னபோது அயனாவரத்தில் வளர்ந்த என் பெரியப்பா, "எந்த மேடவாக்கம்பா? சுவத்துக்கு உள்ளயா, வெளியவா?" என்று கேட்டுச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு எந்தச் சென்னைக்காரருக்கும் புரியும். கீழ்ப்பாக்கம் எங்களுக்கு ஊர்ப்பெயராக இருப்பதைவிட வசவாக இருந்த காலமே அதிகம். 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று சொல்லிவிட்டால் மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை. மனத்தை அந்தச் சுவரை வைத்தே இரண்டாகப் பிரித்திருக்கிறோம். உள்ளே இருப்பவருக்கு வந்திருப்பது நோய். வெளியே இருப்பவரிடம் இருப்பது, அவர் என்ன பாடுபட்டாலும், குணம். கோபக்காரி, அழுத்தக்காரி, அடங்காப்பிடாரி, நடிப்புக்காரி. இந்தக் கட்டுரை சுவரின் மேலேயே உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றியது. உள்ளே அனுப்பும் அளவுக்குப் புத்தி பிசகாதவர்கள். வெளியே நிம்மதியாக நடமாடும் அளவுக்கு மனம் அடங்காதவர்கள்.

மருத்துவர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் பார்டர்லைன் பெர்சனாலிட்டி டிஸார்டர். தமிழில் எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு என்றும், விளிம்புநிலை ஆளுமைக் கோளாறு என்றும் எழுதுகிறார்கள். இதில் ஒரு சொல்கூடத் தமிழ்க் காதில் சரியாக விழுவதில்லை. 'பார்டர்லைன்' என்றால் நமக்குச் சர்க்கரை ஞாபகம்தான் வரும். ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு "பார்டர்லைன்ல இருக்கு, இனிப்பைக் குறைங்க" என்பார்கள். ஆக, மகளுக்குப் பார்டர்லைன் என்று கேட்ட தகப்பன், "பார்டர்லைன்தானே டாக்டர், இன்னும் வரலையே?" என்று நிம்மதியடைகிறார். 'விளிம்புநிலை' என்பது முப்பது ஆண்டுகளாகச் சிறுபத்திரிகைகளில் ஒடுக்கப்பட்ட மக்களைக் குறித்துப் பழகிய சொல். 'ஆளுமை' நமக்குப் பாராட்டு. இலக்கிய ஆளுமை, இசை ஆளுமை என்றுதான் மேடையில் கேட்டிருக்கிறோம். ஆளுமையிலேயே கோளாறு என்று சொன்னால் ஆளே கோளாறு என்று ஆகிவிடுகிறது. 'பெர்சனாலிட்டி டிஸார்டர்' என்ற ஆங்கிலமோ இன்னும் மோசம். 2005-இல் அந்நியனும் சந்திரமுகியும் ஒரே ஆண்டில் வந்து, ஒரே உடம்புக்குள் இரண்டு ஆள் குடியிருப்பதுதான் அந்த நோய் என்று தமிழ்நாட்டுக்கே பாடம் நடத்திவிட்டுப் போய்விட்டன. இந்த நோயில் இன்னொரு ஆள் கிடையாது. இருக்கிற ஒரே ஆளும் கைக்கு அகப்படாமல் நழுவிக்கொண்டிருப்பதுதான் நோய்.

பெயர் பிறந்த கதைக்கும் சுவருக்கும் தொடர்பு உண்டு. 1938-இல் அடால்ஃப் ஸ்டெர்ன் என்ற நியூயார்க் மனப்பகுப்பாய்வாளர், தன்னிடம் வந்த சிலரை எந்தப் பெட்டியில் போடுவது என்று தெரியாமல் திகைத்தார். அக்காலக் கணக்கில் மனக்கலக்கம் ஒரு பக்கம், புத்திபேதலிப்பு மறுபக்கம். முதல் வகையினர் சோபாவில் படுத்துப் பேசினால் தேறுவார்கள். இரண்டாம் வகையினருக்குப் பேச்சு பயன்படாது என்று நம்பினார்கள். இவர்களோ பேச வந்தார்கள், ஆனால் பேசப்பேச மோசமானார்கள். இரண்டுக்கும் இடைப்பட்ட கோட்டில் நிற்கிறார்கள் என்று எழுதிவைத்தார். அந்தக் கோடு இன்றைக்கு அறிவியலில் இல்லை. பெயரில் மட்டும் தங்கிவிட்டது. 1975-இல் ஜான் கண்டர்சனும் மார்கரெட் சிங்கரும் சேர்ந்து இன்னின்ன அடையாளங்கள் என்று வரையறுத்தார்கள். 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடான டி.எஸ்.எம். மூன்றாம் பதிப்பில் இது தனி நோயாக ஏறியது.

இப்போது ஒரு வீட்டுக்குள் போவோம். உண்மையில் இது ஒரே வீடு அல்ல. எங்கள் ஊர்ப் பக்கத்தில் நான் கண்டும் கேட்டும் வந்த சில வீடுகளைக் கலந்து, யாரையும் அடையாளம் தெரியாதபடி ஒன்றாக்கியிருக்கிறேன். ஏரிக்கரைப் பக்கம், இரண்டாம் மாடி. பெண்ணுக்கு 23 வயது, ஓ.எம்.ஆரில் வேலை. ஒரு விடுமுறை நாள் இரவு 9:40-க்குத் தோழிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போடுகிறாள். இரண்டு கோடும் நீலமாகிறது. பதில் இல்லை. பத்து மணிக்குள் பதினேழு முறை அழைக்கிறாள். பத்தேகாலுக்கு, 'இனிமே நீ யாரோ நான் யாரோ' என்று நீளமாக ஒன்று அனுப்புகிறாள். அதை அழித்துவிட்டு, 'ஸாரிடி, என்னை விட்டுடாத' என்று இன்னொன்று. பதினொரு மணிக்குக் குளியலறைத் தாழ்ப்பாள் விழுகிறது. அம்மா கதவைத் தட்டுகிறார். அப்பா டிவி சத்தத்தைக் கூட்டுகிறார். காலையில் பெண் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு இட்லிக்கு உட்காருகிறாள். தோழி பதில் போட்டிருக்கிறாள்: செய்தியைப் பார்த்தவள் அப்படியே தூங்கிவிட்டாளாம். தட்டில் சட்னியை வழித்தபடி போனைப் பார்த்துச் சிரிக்கிறாள். "ராத்திரி வீட்டையே ரெண்டாக்கிட்டு இப்பப் பல்லக் காட்டுது பாரு" என்கிறார் அம்மா.

அம்மாவால் அழுகையைத் தாங்க முடிகிறது. அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை. ராத்திரி வந்த துக்கம் நிஜம் என்றால் காலையில் சிரிப்பு எப்படி வரும்? வந்துவிட்டது. ஆகவே ராத்திரி நடந்தது நடிப்பு. அவர் போட்ட கணக்கில் கூட்டல் பிழை எதுவும் இல்லை. ஆனால் எல்லோர் மனத்திலும் உணர்ச்சி ஒரே வேகத்தில் ஏறி ஒரே வேகத்தில் இறங்கும் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது.

அது அப்படி இல்லை என்பதை விளக்க எங்கள் ஊர்க்காரர்களுக்கு வேறெங்கும் போக வேண்டாம். சுற்றுவட்டாரத்தில் ஏரி ஏரியாக நிரம்பி வழியும் தண்ணீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் வந்து சேருகிறது. அங்கிருந்து கடல் பக்கம் போக அதற்குள்ள முக்கிய வாசல் ஒக்கியம் மடுவு. வருகிற தண்ணீருக்கு அந்த வாசல் போதாது. 2015 டிசம்பரில் இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும், மழை விட்டதும் வெயில் அடித்தது. தெருவில் தண்ணீர் அப்படியே நின்றது. அந்தப் பெண்ணின் காலைச் சிரிப்பு மழை விட்டதற்கான சிரிப்பு. தண்ணீர் இன்னும் வடியவில்லை. பதினொரு மணிக்கு அலுவலகத்தில் டீம் லீடர் லேசாக முகம் சுளித்தால் போதும், மறுபடி முழங்கால் அளவு. சட்டென்று ஏறுவது, மற்றவர்களுக்கு ஏறுவதைவிட உயரமாக ஏறுவது, மெதுவாக வடிவது. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் இந்நோயின் அடிப்படை என்று மார்ஷா லினஹன் என்ற அமெரிக்க உளவியலாளர் சொன்னார். அவரைப் பற்றிப் பின்னால் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

டி.எஸ்.எம். ஒன்பது அடையாளங்களைச் சொல்கிறது. கைவிட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் செய்யும் தவிப்பு; நேற்றுத் தெய்வமாக இருந்தவர் இன்று பிசாசாகிவிடும் உறவுகள்; நான் யார் என்பதே நிலைக்காமை; யோசிக்காத செலவு, குடி, வண்டி வேகம்; தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது; மணிக்கு மணி மாறும் மனநிலை; தீராத வெறுமை; அடக்க முடியாத கோபம்; நெருக்கடி முற்றும்போது வந்துபோகும் சந்தேகம், அல்லது தன்னைத் தானே தூரத்திலிருந்து பார்ப்பது போன்ற மரத்த நிலை. இவற்றில் ஐந்து இருந்தால் நோய் என்கிறார்கள். ஒன்பதில் ஐந்தோ அதற்கு மேலோ என்று கணக்குப் போட்டால் 256 விதமாகச் சேரலாம். ஒரே பெயர் தாங்கிய இரண்டு பேருக்கு ஒரே ஒரு அடையாளம் மட்டும் பொதுவாக இருக்கவும் கூடும். அதனால்தான் "யூடியூப்ல பார்த்தேன், எனக்கு இதுதான்" என்று வருபவரையும், "எங்க வீட்டுப் பெண் அப்படியெல்லாம் இல்லை" என்று அடித்துச் சொல்பவரையும் நல்ல மருத்துவர் ஒரே பொறுமையோடு கேட்கிறார்.

ஒன்பதில் வெளியே தெரிவது கோபமும் காயமும்தான். ஆனால் இவர்களிடம் கொஞ்சம் பேசிப் பார்த்தால் வெறுமைதான் முதலில் வரும். "உள்ள ஒண்ணுமே இல்ல, காலி டப்பா மாதிரி" என்பார்கள். சோகத்துக்காவது ஒரு காரணம் உண்டு, அதைச் சுற்றி நாலு வார்த்தை பேசலாம். இது காரணமில்லாத காலி. அதை நிரப்ப ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் பதில் போடவில்லை என்றால் டப்பா மறுபடி காலி. பதினேழு அழைப்பின் கணக்கு இதுதான்.

இதைப் பைபோலார் என்று எழுதிவிடுவது அடிக்கடி நடக்கிறது. தனுஷ் நடித்த '3' படத்துக்குப் பிறகு அந்தப் பெயராவது வீடுகளுக்குத் தெரிந்திருக்கிறது, மாத்திரையும் உண்டு. ஆனால் பைபோலாரில் மனநிலை நாட்கணக்கில், வாரக்கணக்கில் ஏறி இறங்கும். பெரும்பாலும் வெளியில் என்ன நடந்தது என்பதைக் கண்டுகொள்ளாது. பார்டர்லைனில் மணிக்கணக்கில் மாறும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின்னால் ஒரு முகச்சுளிப்போ, எடுக்காத போனோ இருக்கும். மாத்திரை விஷயத்தில் இந்த வேறுபாடு பணத்தையும் உடம்பையும் தொடுகிறது. பார்டர்லைனுக்கென்றே அமெரிக்க மருந்து ஆணையம் ஒப்புதல் தந்த மாத்திரை ஒன்றுகூட இல்லை. பிரிட்டனின் 2009 வழிகாட்டுதல், இந்நோய்க்காகவே மருந்து தர வேண்டாம் என்று சொன்னது. லாமோட்ரிஜின் உதவும் என்று பலர் நம்பினார்கள். பிரிட்டனில் 276 பேரிடம் சோதித்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில் வெற்று மாத்திரையைவிட அது எந்த வகையிலும் மேலாக இல்லை. கூடவே வரும் மனச்சோர்வுக்கும் தூக்கமின்மைக்கும் மருந்து தேவைப்படலாம், அது வேறு. நாலு மாத்திரை ஐந்தாகி, ஐந்து ஆறாகும் சீட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். பேச நேரமில்லாத இடத்தில் மாத்திரைதான் பேசுகிறது.

நடிப்பு என்று அம்மா சொன்னால் மன்னிக்கலாம். மருத்துவமனையும் அதையேதான் சொல்லிவந்திருக்கிறது. 1988-இல் லூயிஸ், ஆப்பிள்பி என்ற இருவர் பிரிட்டிஷ் மனநல மருத்துவர்களுக்கு ஒரு நோயாளியின் கதையை எழுதி அனுப்பினார்கள். ஒரே கதை, சிலருக்கு மட்டும் 'முன்பு ஆளுமைக் கோளாறு என்று சொல்லப்பட்டவர்' என்று ஒரு வரி கூடுதல். அந்த ஒரு வரியைப் படித்தவர்கள் அதே ஆளைத் தொல்லை பிடித்தவர், காரியம் சாதிப்பவர், கவனத்தை இழுப்பவர், மற்றவர்களைவிடக் குறைவாக இரக்கத்துக்கு உரியவர் என்று மதிப்பிட்டார்கள். மனநல மருத்துவர்களுக்குப் பிடிக்காத நோயாளிகள் என்பதுதான் அந்தக் கட்டுரையின் தலைப்பின் சாரம். ஏரிக்கரை வீட்டுச் சமையலறையும் லண்டன் மருத்துவமனையும் ஒரே அகராதியை வைத்துக்கொண்டிருந்தன.

இது மேல்நாட்டு நோய், நம் குடும்ப அமைப்பில் வராது என்று சொல்லும் பேராசிரியர்களை இன்னும் கூட்டங்களில் பார்க்கலாம். உலகச் சுகாதார நிறுவனம் 11 நாடுகளில் 14 மையங்களில் 716 நோயாளிகளிடம் ஒரே வினாநிரலை வைத்து ஆளுமைக் கோளாறுகளைப் பார்த்தது. முடிவு 1994-இல் வந்தது. அதில் பெங்களூரும் ஒரு மையம். நைரோபியில் பார்டர்லைன் அகப்படவில்லை, பெங்களூரில் அகப்பட்டது. தேடினால் இருக்கிறது. தேடாவிட்டால்? சண்டிகரின் முதுநிலை மருத்துவ நிறுவனத்தில் 1996 முதல் 2006 வரையிலான புறநோயாளிக் கோப்புகளைப் புரட்டிய குப்தாவும் மட்டூவும், ஆளுமைக் கோளாறு என்று எழுதப்பட்டவர்கள் எல்லா வகையும் சேர்த்து 1.07 சதவீதம் என்று 2012-இல் வெளியிட்டார்கள். மேல்நாட்டுப் புறநோயாளிப் பிரிவுகளில் பார்டர்லைன் மட்டுமே பத்தில் ஒருவருக்கு என்பது வழக்கமான மதிப்பீடு. நம் மண்ணில் இந்த நோய் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடவில்லை. மனச்சோர்வு, பைபோலார், 'தற்கொலை முயற்சி' என்ற பெயர்களின் கீழ் அது கோப்புக்குள்ளேயேதான் உட்கார்ந்திருக்கிறது என்பது என் கணிப்பு.

எழுதாமல் விடுவதற்குக் காரணம் அறியாமை மட்டும் என்று நான் நினைக்கவில்லை. சில சமயம் அது கருணை. 22 வயதுப் பெண்ணின் சீட்டில் ஆளுமைக் கோளாறு என்று எழுதினால் அது வரன் பார்க்கும் இடத்திலும் குடும்ப நீதிமன்றத்திலும் வந்து நிற்கும் என்று மருத்துவருக்குத் தெரியும். இந்து திருமணச் சட்டத்தின் 13-ஆம் பிரிவில் மனநோயும் விவாகரத்துக்கு ஒரு காரணம். பெயரை ஒட்டினால் மட்டும் போதாது, சேர்ந்து வாழவே முடியாத அளவுக்குக் கடுமை இருக்க வேண்டும் என்று 1988-இல் ராம் நாராயண் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. ஆனால் தீர்ப்பைப் படித்துவிட்டு யாரும் பெண் பார்க்க வருவதில்லை. இன்னொரு பக்கம், "கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்" என்ற வைத்தியம் இருக்கிறது. கைவிடப்படுவோம் என்பதையே உலகின் பெரும் பயமாகக் கொண்ட ஒருத்தியை, அறிமுகமே இல்லாத வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவது.

பெண், பெண் என்றே எழுதிக்கொண்டு போகிறேன். மருத்துவமனைக்கு வருபவர்களில் பெண்களே அதிகம் என்பதால் வந்த பழக்கம். அமெரிக்காவில் 34,000-க்கும் மேற்பட்டவர்களை நேரில் கண்டு 2008-இல் வெளியிட்ட ஆய்வில் 5.9 சதவீதத்தினருக்கு வாழ்நாளில் இது இருந்ததாக வந்தது. அதே தரவைக் கறாராக எண்ணியபோது 2.7 ஆகக் குறைந்தது. ஆனால் முதல் கணக்கில் ஆணுக்கும் பெண்ணுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆண்கள் எங்கே போனார்கள் என்பதற்கு ஆய்வு தேவையில்லை. டாஸ்மாக் வாசலில், காவல் நிலைய பெஞ்சில், ரேடியல் ரோட்டில் நள்ளிரவு பைக் ஓட்டத்தில் தேடலாம். ஆண் கோபப்பட்டால் ஆம்பளை. அவனுக்கும் டப்பா காலியா என்று யாரும் கேட்டதில்லை.

இந்த நோய் ஏன் வருகிறது? ஒரு பங்கு பிறவியோடு வருகிறது. ஸ்வீடனில் 18 லட்சம் பேரின் பதிவேடுகளை வைத்துச் செய்த ஆய்வு பரம்பரையின் பங்கை 46 சதவீதம் என்று கணக்கிட்டது. இன்னொரு பங்கு சிறுவயதில் பட்டது. பல ஆய்வுகளைத் தொகுத்த 2020-ஆம் ஆண்டுக் கணக்கில், இந்நோய் உள்ளவர்கள் சிறுவயதுக் கொடுமையைச் சொல்வது மற்றவர்களைவிடக் கிட்டத்தட்ட 14 மடங்கு அதிகம். பத்தில் ஏழு பேருக்கு அப்படி ஏதேனும் ஒன்று நடந்திருந்தது. மிச்ச மூன்று பேரை மறந்துவிட்டு எல்லாப் பெற்றோரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் பழக்கம் இப்போது இன்ஸ்டாகிராமில் பெருகியிருக்கிறது. அது இன்னொரு அநியாயம். லினஹன் சொன்னது நுட்பமானது. தோல் மெலிந்து பிறந்த குழந்தை, அதன் உணர்ச்சியைச் செல்லாது என்று தள்ளும் வீடு, இரண்டும் சேரும்போது விளைவது. அந்த வீடு கொடூரமான வீடாக இருக்க வேண்டியதில்லை. "இதுக்கெல்லாமா அழுவாங்க?" "அண்ணன் அடிச்சாத்தான் என்ன, உங்கண்ணன்தானே?" "நாலு பேர் பார்த்தா என்ன நினைப்பாங்க?" இந்த மூன்று வாக்கியமும் சொல்லப்படாத தமிழ் வீடு எது? பெரும்பாலான பிள்ளைகள் இதைக் காதில் வாங்கிக்கொண்டு விளையாடப் போய்விடுவார்கள். மெல்லிய தோலுள்ள பிள்ளை, நான் உணர்வதே தவறு என்று படித்துக்கொள்கிறது. சின்னதாக அழுதால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, வீடு ரெண்டாகும்படி அழுதால் பார்க்கிறார்கள் என்பதையும் சேர்த்தே படித்துக்கொள்கிறது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எல்லோருக்கும் பார்டர்லைன் இல்லை. வாய் திறந்து எதிர்த்துப் பேச இடமில்லாத மருமகளுக்கும், மதிப்பெண் குறைந்த மாணவனுக்கும் உடம்பையே மனுவாக எழுதி நீட்டுவது தமிழகத்திலும் இலங்கையிலும் பழகிப்போன வழி. 1999-இல் லட்சுமி விஜயகுமாரும் ராஜ்குமாரும் சென்னையில் தற்கொலையால் இறந்த 100 பேரின் வாழ்க்கையைப் பின்னோக்கி ஆராய்ந்தபோது 88 பேருக்கு மனநோய் இருந்தது தெரிந்தது. பெங்களூரில் இதே முறையில் செய்த ஆய்வில் 43 சதவீதம்தான். இரண்டு நகரங்களுக்கு நடுவில் இவ்வளவு இடைவெளி விழும்போது, ஒரு சம்பவத்தை வைத்து ஒருவருக்கு வாழ்நாள் முத்திரை குத்துவது ஆபத்து. நோய் என்றால் அது வருடக்கணக்கில், எல்லா உறவுகளிலும், ஒரே அச்சாகத் திரும்பத் திரும்ப வர வேண்டும்.

சட்டம் இந்த விஷயத்தில் வீட்டைவிட முன்னால் போய்விட்டது. 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது, அவருக்கு உதவி தருவது அரசின் கடமை என்கிறது. 2024 ஜூலை 1-இல் வந்த பாரதிய நியாய சன்ஹிதா, தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவையே விட்டுவிட்டது. அரசு ஊழியரை மிரட்டுவதற்காகச் செய்தால் மட்டும் குற்றம். இருந்தும், எம்.எல்.சி. என்ற மருத்துவ-சட்டப் பதிவு போட்டுவிடுவார்கள், போலீஸ் வரும் என்று பயந்து, காயத்தைத் துப்பட்டாவால் சுற்றிப் பக்கத்துக் கிளினிக்கில், "கண்ணாடி கிழிச்சிடுச்சு" என்று சொல்லித் தையல் போட்டு வருவது நிற்கவில்லை.

இனி மார்ஷா லினஹன். 1961-இல் 17 வயதில், கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டு நகரில் இன்ஸ்டிடியூட் ஆஃப் லிவிங் என்ற மருத்துவமனையில் ஒரு பெண்ணைச் சேர்த்தார்கள். ஓயாமல் தன்னைக் காயப்படுத்திக்கொண்டாள். மனச்சிதைவு என்று எழுதினார்கள். மருந்து, மின்சிகிச்சை, தனியறை. இரண்டு வருடத்துக்கும் மேலாக அங்கே இருந்துவிட்டு வெளியே வந்தாள். அந்தப் பெண்தான் பின்னால் முனைவர் பட்டம் பெற்று, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, மற்றவர்கள் தீண்டத் தயங்கிய நோயாளிகளையே தேடிப் பிடித்து ஒரு சிகிச்சையைக் கட்டியவர். முதல் சோதனை முடிவு 1991-இல் வந்தது: அந்தச் சிகிச்சை பெற்ற பெண்கள் தங்களைக் காயப்படுத்திக்கொள்வது குறைந்தது, மருத்துவமனையில் கிடந்த நாட்கள் குறைந்தன, முக்கியமாக, சிகிச்சையை விட்டு ஓடவில்லை. அவருடைய சொந்தக் கதை 2011 வரை வெளியே தெரியாது. அவர் கைத்தழும்புகளைக் கவனித்த ஒரு நோயாளி, நீங்களும் எங்களில் ஒருவரா என்று கேட்ட பிறகு, அதே ஹார்ட்ஃபோர்டு மருத்துவமனைக்குப் போய்க் கூட்டத்தின் முன் நின்று, ஆமாம் என்று சொன்னார்.

அவருடைய டி.பி.டி. (டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி) என்ற சிகிச்சையில் மந்திரம் ஏதும் இல்லை. வாரம் ஒரு முறை தனியாகப் பேச்சு. வாரம் ஒரு முறை வகுப்பு. உண்மையிலேயே வகுப்பு, வீட்டுப்பாடத்தோடு. உணர்ச்சிக்குப் பெயர் வைப்பது, அலை மேலே இருக்கும்போது எதையும் கெடுத்துக்கொள்ளாமல் தாக்குப்பிடிப்பது, வேண்டியதை உறவு முறியாமல் கேட்பது, இந்த நிமிடத்தில் நிற்பது என்று பாடங்கள். கடைசிப் பாடத்தை அவர் ஜென் மடங்களில் கற்றார். இப்போது அது மைண்ட்ஃபுல்னஸ் என்ற பெயரில் ஓ.எம்.ஆர். கம்பெனிகளுக்கு நல்ல விலைக்குத் திரும்பி வந்திருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது அவருடைய தொலைபேசி விதி. நெருக்கடியில் சிகிச்சையாளரைக் கூப்பிடலாம், ஆனால் காயப்படுத்திக்கொள்வதற்கு முன்னால். செய்துவிட்டால், உயிர்காக்கும் உதவியைத் தவிர, 24 மணி நேரத்துக்கு அந்த வழி மூடியிருக்கும். நம் வீடுகளில் இது தலைகீழ். முன்னால் கூப்பிட்டால் டிவி சத்தம் கூடும். பின்னால்தான் குடும்பமே ஓடி வரும்.

இது பணக்கார வைத்தியம் என்ற குறை நியாயமானது. ஒரு வருடம், வாரம் இரண்டு அமர்வு, பயிற்சி பெற்றவர்கள் கொஞ்சம், பெரும்பாலும் ஆங்கிலம். பெரும்பாக்கம் குடியிருப்புக்குக் கூவம் கரையிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட குடும்பத்துப் பெண்ணால் அந்தப் படி ஏற முடியாது. ஆனால் ஒரு நல்ல செய்தி டொரண்டோவிலிருந்து வந்தது. 2009-இல் மக்மெய்ன் குழுவினர் 180 பேரைப் பிரித்து, பாதிப் பேருக்கு டி.பி.டி.யும் மீதிப் பேருக்கு இந்நோயைப் புரிந்துகொண்ட மருத்துவரின் ஒழுங்கான பொதுச் சிகிச்சையும் தந்தார்கள். ஒரு வருட முடிவில் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தார்கள். நோயின் பெயரை ஒளிக்காமல் சொல்வது, வாரம் தவறாமல் பார்ப்பது, நெருக்கடிக்கு முன்கூட்டியே திட்டம் எழுதிவைப்பது, வேலைக்கோ படிப்புக்கோ திருப்பி அனுப்புவது. செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரியிலும் மாவட்ட மனநலத் திட்டத்திலும் இருப்பவர்கள் கற்றுக்கொள்ளக் கூடிய வேலை இது. வெளிநாட்டுச் சான்றிதழ் வேண்டாம், ஒரு நோயாளிக்கு இருபது நிமிடம் வேண்டும். அந்த இருபது நிமிடம் நம்மிடம் இல்லை என்பதுதான் பிரச்சினை.

குணமாகுமா என்ற கேள்விக்கு மேரி சனாரினி பதில் வைத்திருக்கிறார். 1992-இல் பாஸ்டன் அருகே மக்லீன் மருத்துவமனையில் பார்டர்லைன் நோயாளிகள் 290 பேரை எடுத்துக்கொண்டு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பார்த்துவந்தார். பத்து வருடத்தில் 93 சதவீதத்தினருக்கு இரண்டு வருடமாவது நோயின் அடையாளங்கள் அடங்கியிருந்தன. பதினாறு வருடத்தில் 99 சதவீதம். ஆளுமை என்றால் மாறாது என்று நம்பிய துறைக்கே இது அதிர்ச்சி. ஆனால் கொண்டாட்டத்தை நிறுத்தி அடுத்த எண்ணையும் பார்க்க வேண்டும். பத்து வருடத்தில், அறிகுறி அடங்கியதோடு நிலையான வேலையும் ஒரு நல்ல உறவும் அமைந்தவர்கள் பாதிப் பேர்தான். 24 வருடத்தில் 5.9 சதவீதம் பேர் தற்கொலையால் இறந்தார்கள். மற்றக் காரணங்களால் 14 சதவீதம். புயல் ஓய்கிறது, ஆனால் அதற்குள் போன வேலை, முறிந்த நட்பு, கெட்ட உடம்பு திரும்புவதில்லை. சீக்கிரம் கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி. 11-ஆம் பதிப்பு ஆளுமைக் கோளாறுகளின் பழைய வகைப் பெயர்களை எல்லாம் எடுத்துவிட்டது. லேசு, நடுத்தரம், கடுமை என்று அளவுதான். பார்டர்லைன் மட்டும், கூடவே குறித்துக்கொள்ளும் ஒரு சாயலாகத் தங்கியிருக்கிறது. ஒரு நாள் அதுவும் போகலாம். தமிழில் அதற்குள் நல்ல பெயர் ஒன்று வைத்துவிட்டால் தேவலை. என்னிடம் ஒன்றும் இல்லை; 'வடியா மனம்' என்று ஒரு முறை எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன்.

ஏரிக்கரை வீட்டு அம்மா அந்தப் பெயர் எதையும் சொல்வதில்லை. மகளோடு நாலு அமர்வு போய் உட்கார்ந்துவிட்டு வந்தவர், "இவளுக்கு வந்தா வடிய நேரமாவும்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். ராத்திரி தாழ்ப்பாள் சத்தத்துக்கு முன்னாலேயே அறைக்குள் போய், "பயமா இருக்கா? சரி. நான் இங்கதான் இருக்கேன். பதில் காலையில வரட்டும்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் துணி மடிக்கிறார். சில நாள் அது பலிக்கிறது. சில நாள் பலிப்பதில்லை. பெண் கத்துகிறாள், இவரும் பதிலுக்குக் கத்திவிடுகிறார். ஃப்ரீசரில் ஒரு ஐஸ் தட்டு ஜூஸுக்குத் தொடக் கூடாது என்று தனியாக இருக்கிறது. அலை ஏறும்போது முகத்தில் வைத்துக்கொள்ள. ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அம்மா கையெழுத்தில் எண்கள்: கேஸ் புக்கிங், தண்ணி கேன் போடும் தம்பி, மோட்டார் ரிப்பேர். அதற்குக் கீழே வேறு மையில், அரசின் மனநல உதவி எண் டெலி-மானஸ் 14416. அதற்கும் கீழே தற்கொலைத் தடுப்பு அமைப்பான ஸ்நேகா, 044-24640050. அந்த வரி மகளின் கையெழுத்து.